கோர்ட்டில் ஒரு தொட்டில்

எழுத்தராக இருந்த காலத்தில் கட்டுகளோடு கோர்ட்டுக்குப் போவேன். ஜீவனாம்ச வழக்கில் ஒரு தாய், இடுப்பில் பிள்ளையோடு கூண்டில் நின்றாள். அப்பா அம்மாவைப் பற்றி வக்கீல்கள் பேசியதையெல்லாம் அது கேட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளைக் காப்பகத்துக்குப் பிரெஞ்சில் 'கிரெஷ்' என்று பெயர். ஏசு பாலன் கிடந்த தீவனத் தொட்டிக்கும் அதே சொல்தான். பாரீசில் முதல் கிரெஷ் 1844-இல் திறந்தது, வேலைக்குப் போகும் தாய்மாருக்காக. கோர்ட்டுக்கு வருவோர்க்கு வழி செய்தது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். 1988-இல் அங்கே குழந்தைகளுக்கான நீதி ஆணையம் அமைந்தது. 1993-இல் முதல் பெண் தலைமை நீதிபதியான ஜூடித் கே அதை வழிநடத்தினார். கோர்ட்டுகளுக்குள்ளேயே குழந்தைகள் மையங்கள் வந்தன. கட்டணம் கிடையாது. விசாரணை முடியும்வரை பிள்ளை விளையாடலாம்.

நான் பார்த்த பிள்ளைக்கு இன்று நாற்பது வயதிருக்கும். அன்று கேட்டதை மறந்திருந்தால் நல்லது.