தறி வீட்டு செல்போன்: காசு யார் தலையில்?

காஞ்சிபுரம் பட்டுக்குப் பெரிய ஆலை எதுவும் கிடையாது. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீட்டில்தான் தறி. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பட்டும் ஜரிகையும் கொடுக்க, நெசவாளர் புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். வேலை சிதறிக் கிடப்பதால், "சேலை எப்போது முடியும்?" என்று கேட்கவே ஆள் போக வேண்டும்.

1995-ல் இந்தியாவுக்கு செல்போன் வந்தபோது பேசினாலும் காசு, கேட்டாலும் காசு! நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. (பட்டு வியாபாரிக்கே கட்டுப்படியாகாது.) 1999-ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு கட்டணம் மளமளவென்று இறங்கியது. ஆனாலும் தறி வீட்டுக்கு முக்கியமான தேதி 2003 மே 1. அன்று முதல் கூப்பிடுபவர்தான் காசு கொடுக்க வேண்டும், வரும் அழைப்பு இலவசம். நெசவாளர் ஒரு 'மிஸ்டு கால்' விட்டால் போதும், முதலாளி திரும்பக் கூப்பிடுவார். செலவு வேலை கொடுப்பவருடையது!

அந்தச் சலுகை பதினைந்து ஆண்டுதான் ஓடியது. 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளுக்கு 35 ரூபாயாவது ரீசார்ஜ் செய்யச் சொன்னார்கள், இல்லாவிட்டால் வரும் அழைப்பும் நின்றுவிடும். பிறகு அந்தத் தொகையும் பலமுறை ஏறிவிட்டது. கம்பெனி அதிகாரி என்றால் போன் பில்லை அலுவலகமே கட்டும். நெசவாளர் யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லையே! சேலை முடிந்ததைச் சொல்வதற்கான ரீசார்ஜ் காசும் அவர் கூலியிலிருந்துதான் போகிறது.