பெயர் கிடைக்குமா? இணையப் பதிவுப் படிவத்தில் தமிழ்ப் பயனர்பெயர்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடலூர் மாவட்டத்து நெய்வேலி நகரியம் பழைய ஊர்களைப் போலத் தானே வளர்ந்ததன்று. 1956 இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பெற்ற பின்னர், பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தோர் எண்ணிட்ட வட்டங்களில் குடியமர்ந்தனர். ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடையோர் பலர் அடுத்தடுத்து வாழ நேரும் இத்தகைய தொழில்நகரில், ஆளை வேறுபடுத்தப் பெயர் மட்டும் போதுவதில்லை. வட்ட எண்ணும் பணியாளர் எண்ணும் துணைநிற்கின்றன. இணையப் பதிவுப் படிவமோ பெயரையே எண்ணாகப் பயன்படுத்துகிறது. பெயரைத் தட்டச்சிடும்போதே ‘இப்பெயர் உள்ளது’ அல்லது ‘கிடைக்கும்’ எனக் கூறும் உடனடிச் சோதனையில் நேரும் பிழைகளையும், தமிழ் எழுத்து அதில் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரைத் தனித்தாக்கும் மரபு

ஒரு பெயரைப் பலர் தாங்குவது தமிழுக்குப் புதிதன்று. ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார் எனச் சங்கப் புலவர் பெயர்கள் ஊரோடு வழங்குவதால், ‘கிழார்’ என்னும் பொதுச்சொல் தனியாளைச் சுட்ட முடிகிறது. கருநாடக இசையுலகில் நெய்வேலி சந்தானகோபாலன் எனப் பாடகர் அறியப்படுவதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. ஊர்முன்னொட்டைப் பிறர் வழங்கினர். வழக்கு அதனை ஏற்றது. கணினியில் அம்முடிவை ஓர் அட்டவணை எடுக்கிறது என்பதே வேறுபாடு.

உடனடிச் சோதனையின் தோற்றமும் பிழைகளும்

தொடக்ககால இணையப் படிவங்கள் முழுவதும் நிரப்பி அனுப்பிய பின்னரே பெயர் மோதலைத் தெரிவித்தன. பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் வழங்கியிடம் வினவும் வசதி 1999 இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியில் வந்தது. 2005 இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இம்முறைக்கு ‘அஜாக்ஸ்’ எனப் பெயரிட்ட பின் அது பரவலாயிற்று.

இம்முறையின் முதற்பிழை விடைகள் வரும் வரிசையைச் சார்ந்தது. ‘நெய்வேலி’ என்னும் சொல் ந, நெ, நெய, நெய், நெய்வ, நெய்வே, நெய்வேல, நெய்வேலி என எட்டு நிலைகளில் உருவாகிறது. ஒவ்வொரு நிலையிலும் வினா அனுப்பப்பெற்றால் வழங்கிக்கு எட்டு வினாக்கள் செல்லும். அவற்றின் விடைகள் அதே வரிசையில் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. ‘நெய்வேலி’ என்பதற்கு ‘உள்ளது’ என்ற விடை முந்தி வந்து, ‘நெய்வேல’ என்பதற்குரிய ‘கிடைக்கும்’ பிந்தி வந்தால், படிவம் பிந்தியதையே காட்டும். நிரலர் தம் கணினியிலேயே சோதிக்கும்போது விடைகள் நொடிப்பொழுதில் வரிசையாக வருவதால் இப்பிழை புலப்படுவதில்லை. மெதுவான இணைப்புடைய பயனரிடம்தான் அது தோன்றும். உலாவியின் உருவாக்குநர் கருவியில் இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்த்தலே கண்டறியும் வழி. தட்டச்சு சற்று நின்ற பின் வினவுதல் சுமையைக் குறைக்குமேயன்றிப் பிழையை நீக்காது. வினாக்களுக்கு வரிசையெண் இட்டு, கடைசி எண்ணுக்குரியதல்லாத விடையைப் புறக்கணித்தலே தீர்வாகும்.

இரண்டாவது பிழை நுட்பமானது. ‘கிடைக்கும்’ என்று கூறிய நொடிக்கும் பதிவுப் பொத்தானை அழுத்தும் நொடிக்கும் இடையே மற்றொருவர் அப்பெயரைப் பதிந்துவிடலாம். எட்கர் காட் 1970 இல் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரியில், ஒரு வரிசையைப் பிறவற்றிலிருந்து பிரித்தறியும் திறவுகோல் அடிப்படைக் கருத்து. தரவுத்தளத்தில் இடப்பெறும் தனித்தன்மைக் கட்டுப்பாடு மட்டுமே இறுதித் தீர்ப்பு வழங்கவல்லது. உடனடிச் சோதனை ஒரு மரியாதை, அவ்வளவே. இதனை மறந்து சோதனையையே நம்பிய நிரல்களில் இரட்டைக் கணக்குகள் தோன்றுதல் இயல்பு.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

மேற்கண்டவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்குரிய சிக்கல் ஒருங்குறியில் தொடங்குகிறது. ‘கோ’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் துணைக்காலும் அடுத்தடுத்து நிற்பதாகவும் எழுதலாம். ‘கோவிந்தன்’ என்னும் பெயர் திரையில் ஒன்றே, சேமிப்பில் இரண்டு. ஒருங்குறியின் இயல்பாக்க முறை இவ்விரண்டையும் ஒன்றாக்குகிறது, பயனர்பெயர்களுக்கான 2017 ஆம் ஆண்டு இணைய நெறிமுறை ஆவணமும் (ஆர்.எஃப்.சி. 8265) அவ்வியல்பாக்கத்தை வேண்டுகிறது. ஆயினும் சோதிக்கும் நிரல் இயல்பாக்கி, பதியும் நிரல் இயல்பாக்காது விட்டால், ‘கிடைக்கும்’ எனப்பட்ட பெயரில் ஈரிடத்து ஈராள் அமர்வர்.

இயல்பாக்கம் தீர்க்காத இணைகளும் உள. ‘கௌரி’ என்பதன் ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தை ஒத்திருத்தலால், எகரக் குறியோடு ளகரம் சேர்த்து ‘கெளரி’ எனப் பலர் தட்டச்சிடுகின்றனர். ‘கெளுத்தி’ என்னும் மீன்பெயரில் அதே வரிசை முறையான எழுத்துகளாதலின், ஒருங்குறி அவற்றை ஒன்றெனக் கொள்ள இயலாது. ‘ஔவை’, ‘ஒளவை’ இணையும் இத்தகையதே. 2005 இல் வந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பெற்றதன் விளைவாக, ‘ஸ்ரீதர்’ என்னும் பெயரை ஸகரத்தாலும் ஶகரத்தாலும் எழுதலாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டின் தோற்றமும் ஒன்றே. ககரமும் தமிழெண் ஒன்றும் ஒத்திருத்தல் இன்னும் வெளிப்படை. வேண்டுமென்றே பிறர்பெயரில் நடிப்போர்க்கு இவையனைத்தும் திறந்த வாயில்கள்.

சுவடிக் காலத்திலும் இவ்வகை மயக்கம் இருந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளிபெறும் என்று தொல்காப்பியம் விதித்திருப்பினும், ஏட்டில் புள்ளியிடும் வழக்கம் அருகியதால் குறிலும் நெடிலும் ஒருவடிவாயின. துணைக்காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பெற்றன. குறில் நெடில்களைப் பிரித்துக்காட்டும் வடிவங்களை வீரமாமுனிவர் (1680–1747) வகுத்தார். அதற்கு முன்னர்ப் படிப்போர் சூழல்நோக்கி உய்த்துணர்ந்தனர். பதிப்பாசிரியருக்கு முன்னும் பின்னும் உள்ள அடிகள் சான்றாகும். பயனர்பெயருக்கோ சூழல் என்று ஒன்றில்லை. 1978 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இங்கு எச்சிக்கலையும் உண்டாக்காமை நோக்கத்தக்கது. ஒருங்குறி குறிப்பது எழுத்தை, வடிவத்தையன்று. ஆதலின் பழைய ‘ணை’யும் புதிய ‘ணை’யும் எழுத்துரு வேறுபாடு மட்டுமே.

களப்பெயர்த் துறை தந்த முன்மாதிரி

தமிழில் முடியும் இணைய முகவரிகளுக்காக .இலங்கை 2010 இலும், .இந்தியா, .சிங்கப்பூர் ஆகியவை 2011 இலும் நடைமுறைக்கு வந்தன. இத்துறையில் ஒரு பெயர் பதியப்பெற்றால் அதனோடு மயங்கும் மாற்றுவடிவங்களைப் பிறர்க்கு வழங்காது தடுக்கும் நெறி வகுக்கப்பட்டுள்ளது. ஒத்த தோற்றமுடைய எழுத்துகளின் அட்டவணையை ஒருங்குறிச் சேர்த்தியமும் வெளியிட்டுள்ளது. அதன்வழி ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எலும்புக்கூட்டு வடிவத்தை உருவாக்கி, தனித்தன்மைக் கட்டுப்பாட்டை அவ்வடிவத்தின்மீதும் இடுதல் பயனர்பெயர்ப் பதிவிலும் இயலும். அவ்வட்டவணையில் விடுபட்ட தமிழ் இணைகளைத் தளத்தார் தாமே சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பல தளங்கள் இதனினும் எளிய வழியை நாடின: ஆங்கில எழுத்தும் எண்ணுமன்றிப் பிறவற்றை ஏற்பதில்லை. தமிழ்ப் பெயரை இடுவோர்க்கு ‘பெயர் உள்ளது’ என்றுகூட அல்ல, ‘பெயர் செல்லாது’ என்றே விடை வருகிறது. தமிழை ஏற்பதாகக் கூறும் தளங்களிலும் நீளத்தை எழுத்தால் அளவாமல் பைட்டால் அளப்பனவற்றில், நான்கே எழுத்துடைய ‘நெய்வேலி’ யூ.டி.எஃப்-8 குறிமுறையில் 24 பைட்டுகளாகி, 20 என்னும் வரம்பை மீறிவிடுகிறது.