பாலாறு எந்தப் பட்டியலில் இருக்கிறது?



போன வாரம் ஆம்பூர் பேருந்து நிலையத்தில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர். இப்போது ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். "டீச்சர், மாநில சுயாட்சின்னு டிவியில பேசிக்கிட்டே இருக்காங்களே, அதனால நமக்கு என்ன? அதிகாரம் தில்லியில இருந்தா என்ன, சென்னையில இருந்தா என்ன? நம்ம கிணத்துத் தண்ணி உப்பாத்தானே இருக்கு" என்றார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல நினைத்த பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். தொடக்கத்தில் மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 இனங்கள். பிள்ளைகள் எண்களை மனப்பாடம் செய்வார்கள், மறுவாரம் மறந்துவிடுவார்கள். அதனால் நான் கரும்பலகையில் ஒரு தோல் ஷாப்பு படம் போடுவேன். அது நிற்கிற நிலம் மாநிலப் பட்டியல். அது எடுக்கிற தண்ணீரும், பக்கத்து வயலின் விவசாயமும், ஊராரின் சுகாதாரமும் மாநிலப் பட்டியல்தான். அங்கே வேலை செய்கிறவர்களின் நலன் பொதுப் பட்டியல். தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவது மத்தியப் பட்டியல். வாய்க்காலில் ஓடுகிற கழிவு எந்தப் பட்டியல் என்று கேட்பேன். ஒரு பிள்ளையும் சொல்லாது. சொல்லவும் முடியாது. 'சுற்றுச்சூழல்' என்ற பெயரில் மூன்று பட்டியலிலும் ஓர் இனமும் இல்லை.

பட்டியலில் இல்லாதது யாருக்குச் சொந்தம்? இங்கேதான் நமக்கும் அமெரிக்காவுக்கும் வித்தியாசம். 1787-ல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் இதே கேள்விக்குத்தான் மல்லுக்கட்டினார்கள். வலுவான மைய அரசு வேண்டும் என்றார் ஹாமில்டன். மாநிலங்களின் உரிமை போய்விடும் என்று எதிர்த்தவர்களும் நிறையப் பேர். கடைசியில் 1791-ல் பத்தாவது திருத்தம் வந்தது. மைய அரசுக்கு என்று எழுதிக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்றது அது. நம் அரசியலமைப்பில் இது தலைகீழ். 248-வது பிரிவின்படி மிச்சமெல்லாம் தில்லிக்கு.

இதை மாற்ற வேண்டும் என்று முறையாக ஆய்வு செய்து கேட்டது தமிழ்நாடுதான். 1963-ல் தனிநாடு கோரிக்கையைக் கைவிட்ட தி.மு.க., இந்தியாவுக்குள்ளேயே மாநிலத்துக்கு அதிகாரம் என்ற வழிக்கு வந்தது. 1969 செப்டம்பரில் கலைஞர் அரசு ஒரு குழு அமைத்தது. நீதிபதி பி.வி. ராஜமன்னார் தலைவர், ஏ. இலட்சுமணசாமி முதலியாரும் நீதிபதி பி. சந்திரா ரெட்டியும் உறுப்பினர்கள். மிச்ச அதிகாரம் மாநிலங்களுக்கு வேண்டும், ஆட்சியைக் கலைக்கும் 356-வது பிரிவு நீங்க வேண்டும் என்று 1971-ல் அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். 1974 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேறியது. தில்லி அசையவில்லை. 1976 ஜனவரி 31-ல் அதே 356-ஐக் கொண்டு அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. அந்த ஆண்டு வந்த 42-வது திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு எடுத்துப் போனது. பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவள் என்ற முறையில் அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். முன்பு இங்கே ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தோலைப் பாதி பதனிட்டு ஏற்றுமதி செய்தார்கள். 1972-ல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலாக அனுப்புவதைக் குறைத்து முழுத்தோலாகவும் செருப்பு, ஷூவாகவும் அனுப்ப வேண்டும் என்றது. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. அதனால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி பஸ் ஏறும் பெண்களின் சம்பளம் அப்படி வந்ததுதான். ஆனால் முழுத்தோலுக்கு மாறியபோது குரோமும் பரவியது. முன்பே இருந்த உப்புக் கழிவோடு அதுவும் பாலாற்றுக்குப் போனது. முடிவு எடுத்தது தில்லி, அந்நியச் செலாவணியும் நாட்டுக்கு. கழிவு மட்டும் நம் கிணற்றுக்கு.

இதனால் தில்லி மட்டும்தான் குற்றவாளி என்று எழுதிவிட்டால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீர் மாநில விஷயம் என்பதால், மாநிலங்கள் கேட்டுக்கொண்டால்தான் நாடாளுமன்றம் அதில் சட்டம் செய்யலாம். அப்படி 12 மாநிலங்கள் கேட்டு, 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. கேரளம், கர்நாடகம் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாடு இல்லை. நமக்கு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில். ஆறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழிற்சாலைகள் வரக் கூடாது என்று 1989-ல் மாநில அரசே ஆணை போட்டது. தாளில் இருந்தது. மத்திய அரசுக்கும் 1986-லேயே சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி ஆணையம் அமைக்க அதிகாரம் இருந்தது. அதுவும் அமைக்கவில்லை.

1991-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் நம் பாலாற்று வழக்குக்கும் பங்கு உண்டு. ஆணையம் ஏன் அமைக்கவில்லை என்று தில்லியையும் அது விடவில்லை. உடனே அமைக்கச் சொன்னது.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. 1969-ல் ஓஹையோ மாநிலத்தின் கயஹோகா ஆறு, கழிவு எண்ணெயால் தீப்பிடித்து எரிந்தது. ஆறுகளை மாநிலங்களிடம் விட்டது போதாது என்று பலரும் பேசி, 1972-ல் மைய அரசின் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதே நாட்டில்தான், மாநில உரிமை என்ற பெயரைச் சொல்லித் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காத்தன. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போரே நடந்தது. ஆக, மாநில உரிமை என்ற சொல் தானாக ஏழை பக்கம் நிற்பதில்லை. பலமான மையம் என்ற சொல்லும் அப்படித்தான்.

அதற்காக நான் சுயாட்சிக்கு எதிரி ஆகிவிடவில்லை. ஏழு பிள்ளைகள் படிக்கிற மலைக்கிராமப் பள்ளிக்கு என்ன தேவை என்பது தில்லிக்குத் தெரியாது. கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருக்கிற அரசிடம் அதிகாரம் இருப்பதே நல்லது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு மறுபடி ஒரு குழு அமைத்ததை வரவேற்கிறேன். ஆனால் அதே ஆண்டு ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாசு வழக்கில் மறுபடி பேச வேண்டியிருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2001-லும் 2009-லும் தீர்மானித்த இழப்பீட்டின் பாக்கியை மாநில அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு மாசு செய்தவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது நீதிமன்றம். வழக்குப் போட்டு 34 ஆண்டுகள். அந்த விவசாயிகளில் பலர் இன்று இல்லை.

தம்பி, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது நமக்கு முக்கியம்தான். அது நம் பக்கத்தில் இருந்தால், தண்ணீர் ஏன் உப்பு என்று யாரிடம் போய்க் கேட்பது என்பது தெளிவாக இருக்கும். இத்தனை நாள் சென்னை தில்லியைக் காட்டியது, தில்லி சென்னையைக் காட்டியது. சுயாட்சி கேட்கிறவர்களிடம் நாமும் ஒன்று கேட்க வேண்டும்: அதிகாரம் வந்தால், முதல் ஆண்டில் பாலாற்றுக்கு என்ன செய்வீர்கள்?

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை நண்பர்கள், உங்கள் ஊர்க் கிணறு எந்த ஆண்டு முதல் உப்பானது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அதுவும் வரலாறுதான்.