கல் தின்ற குடல்

சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸைத் தோல் இறுகும் நோய் என்கிறோம். உள்ளே உணவுக்குழாயும் குடலும் முடங்குவது கண்ணில் படுவதில்லை. 1902இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரிட்டினைக் கண்டபோது குடலுக்கும் ஹார்மோன் உண்டென்று தெரிந்தது. வெறும்வயிற்றில் குடலை அசைப்பது மோட்டிலின். இந்நோயில் அது சுரந்தும் பயனில்லை, அதற்குப் பணியும் தசையும் நரம்பும் நலிந்துவிடுகின்றன.

1914இல் எடின்பரோவில் பிராம்வெல் கல்தச்சர்களிடமும், 1957இல் எராஸ்மஸ் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடமும் இந்நோயைக் கண்டார்கள். இருவருக்கும் பொது, சிலிக்காத் தூசு. அது மட்டுமே காரணமல்ல என்பதும் உண்மை. ஆனால் பெரம்பலூர்க் கல்குவாரியிலோ அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்திலோ உழைப்பவர் ‘சோறு நெஞ்சுல நிக்குதுங்க’ என்றால், ‘கேஸ்தான்’ என்று அனுப்பிவிடலாமா? ‘என்ன வேலை பாக்குறீங்க?’ என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லி ராமசினி எழுதியது 1700இல்.