வீட்டில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுதல்

ஒளிபட்ட பிலிமில் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும் உருவத்தை வேதிக் கரைசல்களால் வெளிக்கொணர்ந்து நெகட்டிவாக்கும் வேலையை, ஸ்டுடியோவுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை. தமிழில் இம்முழுவேலைக்கும் ‘கழுவுதல்’ என்றே பெயர். தண்ணீரில் அலசுவது அதன் கடைசிக் கட்டம் மட்டுமே.

தோற்றம்

இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல், ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) ஒளியுணரும் வெள்ளி உப்புகளைக் கரைப்பதை 1819இல் கண்டறிந்தார். மறைந்திருக்கும் உருவத்தை, மாசிக்காயிலிருந்து எடுக்கப்படும் காலிக் அமிலம் வெளிப்படுத்துவதை ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1840இல் கண்டார். உருவத்தை வெளிப்படுத்துவது, எஞ்சிய உப்பை நீக்கி நிலைநிறுத்துவது என்ற இவ்விரு படிகளே இன்றும் அடிப்படை. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள் கழுவ வேண்டியிருந்ததால், வெளியே படமெடுக்கச் சென்றவர்கள் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்தனர். 1871இல் ரிச்சர்டு மேடாக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தகடு, வீடு திரும்பி நிதானமாகக் கழுவ வழிவிட்டது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற கோடக் கேமராவில் 100 படம் எடுத்து முடித்தவர், 10 டாலருடன் கேமராவையே நிறுவனத்துக்கு அனுப்பினால் போதும்; நிறுவனமே கழுவித் தந்தது. அதன்பின் கழுவுதல் கட்டாயம் அல்ல, விருப்பம்.

கண்ணிலிருந்து கடிகாரத்துக்கு

பழைய தகடுகளைச் சிவப்பு ஒளி பாதிக்காது. எனவே சிவப்பு விளக்கடியில் உருவம் கருப்பதைப் பார்த்துக்கொண்டே, போதும் என்று பட்டதும் வெளியே எடுத்தார்கள். 1873இல் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் என்று காட்டினார். இவ்வழியில் உருவான, எல்லா நிறங்களையும் உணரும் பிலிமுக்கு முழு இருட்டே தேவைப்பட்டது. பார்வை பயன்படாதபோது நேரமும் வெப்பமும் அளவுகோல்களாயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் மெக்கர்டி உருவாக்கிய பிலிம் கழுவும் தொட்டியைக் கோடக் விற்றது. இன்றைய தொட்டியில், சுருளை இருட்டில் ஏற்றி மூடியபின் மற்றதை விளக்கொளியிலேயே முடிக்கலாம். தனி இருட்டறை வேண்டாம்.

கரைசல்கள்

உருவத்தை வெளிப்படுத்தும் கரைசலுக்கு டெவலப்பர் என்று பெயர். 1891இல் வந்த ரோடினாலில் சிறிதளவை நீரில் கலந்தால் டெவலப்பர் தயார். 1920களில் சினிமா பிலிமுக்காக உருவான டி-76 என்ற டெவலப்பரின் செய்முறை வெளிப்படையானது: 1 லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, வெங்காரம் 2. தராசு உள்ள எவரும் கலக்கலாம். வழக்கமான வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீரே 30 பாகையைத் தாண்டுவதால், கரைசல் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் நிறுத்திக் குளிர்விக்க வேண்டும்.

பிற்காலம்

உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம்களைத் தயாரித்தது. 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் இன்ஸ்டன்ட் காப்பித்தூளையும் சலவைச் சோடாவையும் கலந்து பிலிம் கழுவிக் காட்டினர். காப்பியிலுள்ள காஃபிக் அமிலம் உருவத்தை வெளிக்கொணர்கிறது. மாசிக்காயில் தொடங்கிய வேலை, இவ்வாறு மற்றொரு தாவரப் பொருளால், சமையலறையிலேயே செய்யக்கூடியதாயிற்று.