செவிலிக்கும் ஒரு செவிலி

புளியந்தோப்பு என்னும் பெயரில் மரநிழல் இருக்கிறது. ஆயினும் அப்பகுதியின் வரலாற்றில் மிகுந்திருப்பது ஆலைப் புகையே. 1876இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலையும், பின்னர் அதனுடன் இணைந்த கர்நாடிக் ஆலையும் 1996இல் மூடப்படும் வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டன. கிழக்கே துறைமுகம், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகள். இயந்திரம் இருக்கும் இடத்தில் காயமும் உண்டு. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வடசென்னை மக்கள் தலைமுறை தலைமுறையாக ஓடிய இடம் ஸ்டான்லி மருத்துவமனை. அதற்கு மக்கள் இட்ட பெயர் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது அம்மருத்துவமனை. இயந்திரத்தில் சிதைந்த கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் அது பின்னாளில் புகழ் பெற்றதற்கும் இத்தொழிற்பகுதியின் தேவையே அடிப்படை எனலாம்.

மாணவ நண்பர்களே, இத்தகைய மருத்துவமனைகளைக் கட்டியோரின் பெயர்கள் கல்லில் உள்ளன. அறுவை செய்த மருத்துவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. நான் இங்கு பேச எடுத்துக்கொண்டது வேறொருவரைப் பற்றி. நேற்றுத் தேர்வில் வென்று, இன்று முதன்முதலாக ஒரு வார்டின் இரவுப் பணியை ஏற்கும் இளம் செவிலியைப் பற்றி. மருந்தின் அளவு அவளுக்குத் தெரியும். நாடி பார்க்கவும் தெரியும். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று நோயாளிகள் அழைத்தால் முதலில் யாரிடம் செல்வது? நள்ளிரவில் மருத்துவரை எழுப்புவதா, இன்னும் சிறிது நேரம் பொறுத்துப் பார்ப்பதா? இவ்வினாக்களுக்குப் பாடநூல் மட்டும் விடை தந்துவிடாது. அந்நேரத்தில் அவளுக்குத் துணை நிற்பது யார்? இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் சென்னைக்குத் தனி இடமும் உண்டு.

செவிலியர் பயிற்சியில் இந்தியாவுக்கு வழிகாட்டிய நகரங்களுள் சென்னை முதன்மையானது. 1854இல் இங்கு மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. முதலில் சேர்ந்தோர் நால்வரே என்று செவிலியர் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் கண்டது. பயிற்சி, தேர்வு, பதிவு என்னும் மூன்று படிகளும் இங்ஙனம் அமைந்தன. நான்காவது படியாகிய தொடக்க நாட்களின் துணையைச் சட்டத்தால் மட்டும் அமைத்துவிட முடியவில்லை.

இக்குறையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. வார்டுக்குத் தலைமை தாங்கும் சிஸ்டரே புதியவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின் அவர் உற்று நோக்கியபோது, வேலைச் சுமையால் அழுந்திய சிஸ்டர்களுக்குக் கற்பிக்க நேரமில்லை என்பதைக் கண்டார். அதன்பின் புதியவர்களின் படிப்பையும் நலத்தையும் கவனிப்பதற்கென்றே விடுதிச் சகோதரி என்னும் பதவி உருவாயிற்று. 1875 முதல் மேரி கிராஸ்லேண்ட் அம்மையார் அப்பொறுப்பை நெடுங்காலம் வகித்தார். நைட்டிங்கேல் தாமும் 1872 முதல் பயிற்சி பெறுவோர்க்கும் பணியிலிருந்தோர்க்கும் மடல்கள் எழுதி வந்தார். புதியவளுக்குத் துணை நிற்பது ஓய்வு கிடைக்கும்போது செய்யும் உதவியன்று; அதற்கென ஒருவரும் அவருக்கென நேரமும் ஒதுக்கப்படவேண்டும் என்பதே அம்மாற்றம் புகட்டிய பாடம்.

அக்காலத்தில் கற்பதும் பணிபுரிவதும் ஒரே வார்டில் ஒருங்கே நிகழ்ந்தன. அதில் உழைப்புச் சுரண்டல் இருந்தது உண்மை. ஆயினும் கற்கும் பெண் மூத்தவரின் கண் முன்னே வளர்ந்தாள். 1946இல் தில்லியிலும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. செவிலியர் கல்வி பல்கலைக்கழகத்தின் வாயிலுக்குள் நுழைந்தது பெரும் பேறு. அறிவு பெருகிற்று, மதிப்பு உயர்ந்தது. ஆனால் வகுப்பறைக்கும் வார்டுக்கும் இடையே ஓர் இடைவெளியும் தோன்றிற்று. அந்த இடைவெளியில்தான் நமது இளம் செவிலி இன்று தனியே நிற்கிறாள்.

அவள் எத்தகைய நிலையில் பணிக்கு வருகிறாள் என்பதை ஆராய்ந்த குழுக்களிலும் சென்னைக்குப் பங்குண்டு. 1946இல் அறிக்கை தந்த போர் குழுவில் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் உறுப்பினர். நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்பதே அன்றைய கணக்கு என்றும் அக்குழு காட்டிற்று. 1954இல் செவிலியரின் பணி நிலைமைகளையும் ஊதியத்தையும் ஆராய அமைந்த குழுவுக்குத் தலைவர் சென்னை மாநிலச் சுகாதார அமைச்சர் ஏ. பி. ஷெட்டி. 1987இல் அமைந்த உயர்மட்டக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னையின் சமூகத் தொண்டர் சரோஜினி வரதப்பன் அம்மையார். வாரத்துக்கு 40 மணி நேர வேலை, தங்குமிடம், செவிலிக்கு உரியதல்லாத வேலைகளை அவள்மேல் சுமத்தாமை ஆகியவற்றை அக்குழு வற்புறுத்திற்று.

தங்குமிடத்துக்கும் கற்றலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. உறக்கமில்லாதவள் புதிதாக ஒன்றையும் கற்க இயலாது. இரவு நேரத்தில் எப்படி வீடு சேர்வோம் என்று அஞ்சுபவளின் மனம் நோயாளியிடம் முழுமையாக நிற்காது. 2012இல் சென்னையின் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு அவர்கள் எழுப்பிய மற்றொரு குறை ஒப்பந்தப் பிணைப்பைப் பற்றியது. சான்றிதழைப் பிணையாக வைத்து ஒருத்தியை வார்டில் நிறுத்தலாம். அவள் உள்ளத்தை அங்கே நிறுத்த முடியாது.

பிற நாடுகளின் ஆராய்ச்சியும் இதனையே கூறுகிறது. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர், 1974இல் வெளியிட்ட நூலில், படித்த இலட்சியமும் பணியிட உண்மையும் மோதும்போது புதியவர்க்கு ஏற்படும் அதிர்ச்சியை விளக்கினார். பலர் தொழிலையே விட்டுச் செல்வதற்கு அவ்வதிர்ச்சி காரணமாகிறது என்றார். 1984இல் பட்ரிஷியா பென்னர், புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளை வகுத்தார். ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பின்னரே ஒருவர் மூன்றாம் படியாகிய தகுதி நிலையை எய்துகிறார் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், பணியேற்ற முதல் வாரமே ஒருத்தியிடம் முழு வார்டையும் ஒப்படைப்பது எவ்வகையில் நியாயமாகும்?

இனி, வடசென்னையோடு பழைய உறவுடைய ஒரு நாட்டைக் காண்போம். 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து மருத்துவத் தொண்டு தொடங்கினார் டாக்டர் அலெக்சாண்ட்ரினா மக்ஃபெயில் அம்மையார். அத்தொண்டின் பயனாக 1914இல் எழுந்ததே இராயபுரத்தின் ரெய்னி மருத்துவமனை. அந்த ஸ்காட்லாந்து 2006இல், பணியேற்கும் ஒவ்வொரு புதிய செவிலிக்கும் முதலாண்டு முழுவதும் வழிகாட்டும் திட்டமொன்றைத் தேசிய அளவில் தொடங்கிற்று. கற்கவேண்டியவை வகுக்கப்பட்டன, துணை நிற்க ஒரு மூத்த செவிலியும் உண்டு.

நம் நாட்டிலும் வழியில்லாமற் போகவில்லை. வேலூரில் கல்லூரியும் மருத்துவமனையும் ஒன்றாக இயங்குவதால், பாடம் சொல்லும் ஆசிரியை வார்டிலும் பொறுப்பேற்கிறார். வகுப்பில் கேட்ட குரலையே நோயாளியின் படுக்கையருகிலும் மாணவி கேட்கிறாள். எங்கும் செய்யத்தக்கவை சிலவும் உள. முதல் மாதங்களில் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளை ஒப்படைத்துப் படிப்படியாக உயர்த்துதல். ஒரே மூத்த செவிலியோடு ஒரே முறை வேலையில் அமர்த்துதல். அம்மூத்தவரின் சுமையை அந்த அளவுக்குக் குறைத்தல். தெரியாததைக் கேட்பவளை எள்ளாதிருத்தல். இவற்றுள் மூன்றாவதே பெரும்பாலும் மறக்கப்படுவது. கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி, பொது மருத்துவமனையில் ஐவருக்கு ஒருவர் என்பது நம் நாட்டு அளவுகோல். அந்த எண்ணிக்கை ஏட்டில் மட்டும் இருக்குமாயின், மூத்தவர் எவ்வளவு அன்புடையவராயினும் இளையவளுக்கு அருகில் நிற்க அவருக்குக் கால் மணி நேரமும் கிட்டாது. நைட்டிங்கேல் கண்ட குறை இதுவேயன்றோ?

செவிலி என்னும் சொல் பழந்தமிழ் அக இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாயைக் குறிப்பது. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. கல்லூரி ஒரு செவிலியைப் பெற்றுத் தருகிறது என்று கொண்டால், அவளை வளர்க்கும் கடமை மருத்துவமனையுடையது. உங்களுள் சிலர் நாளை செவிலியராவீர்கள். சிலர் மருத்துவராக, நிர்வாகியாக, சட்டம் இயற்றுவோராக வருவீர்கள். எஞ்சியோர் அனைவரும் என்றேனும் ஒருநாள் உற்றார் ஒருவரின் படுக்கையருகில் நின்று, ஓர் இளம் பெண்ணின் கையை நம்பியிருக்கப் போகிறவர்களே. அக்கை நடுங்காதிருக்க வேண்டுமாயின், அவள் பணியேற்ற முதல் நாளிலேயே மற்றொரு கை அவளருகில் இருந்திருக்க வேண்டும்.