சேலத்தில் ஒரு சினிமா ஆலை: மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில், மலை ஏறுவதற்கு முன்பே, சாலையோரம் ஒரு பழைய வளைவு நிற்கிறது. அதில் "மாடர்ன் தியேட்டர்ஸ்" என்று எழுதியிருக்கும். பெயரைப் பார்த்துப் பலரும் அது ஏதோ சினிமா கொட்டகை என்று நினைத்துக் கொள்கிறார்கள். ஆனால் அது 100 படங்களுக்கு மேல் தயாரித்த ஒரு ஸ்டுடியோவின் வாசல்!

அதைக் கட்டியவர் திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். பிறந்தது 1907-ல். ஜவுளி வியாபாரத்தில் செழித்த குடும்பம். மகன் நெசவுத் தொழில்நுட்பம் கற்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனார். கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து ஊர் திரும்பினார். நூலும் தறியும்தான் அவர் வாழ்க்கை என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். அவர் பணத்தைப் போட்டதோ சினிமாவில்.

தமிழ் பேசும் படம் தொடங்கியது 1931-ல். அப்போது தமிழ்ப் படங்களை எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏற வேண்டும். நடிகர்கள், பாடகர்கள், மேளதாளம், மூட்டை முடிச்சு எல்லாம் கூடவே போகும். சுந்தரமும் முதலில் ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராக இருந்து "திரௌபதி வஸ்திராபஹரணம்" (1934) போன்ற படங்களில் முதலீடு செய்தார். இந்தச் செலவையும் அலைச்சலையும் பார்த்தவருக்கு ஒரு கேள்வி எழுந்தது: ஸ்டுடியோவை நம் ஊரிலேயே கட்டினால் என்ன?

அப்படி 1930-களின் நடுவில் உருவானதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். முதல் படம் "சதி அகல்யா" 1937-ல் வந்தது. சென்னையிலிருந்து 300 கி.மீ.க்கும் அதிகத் தொலைவில், மாம்பழத்துக்கும் கைத்தறிக்கும் பெயர் பெற்ற ஊரில் ஸ்டுடியோ!

அடுத்தடுத்து அவர் செய்ததைப் பாருங்கள். 1938-ல் "பாலன்", மலையாளத்தின் முதல் பேசும் படம். 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த "உத்தமபுத்திரன்". 1952-ல் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த "தி ஜங்கிள்". 1956-ல் "அலிபாபாவும் 40 திருடர்களும்", தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். 1961-ல் "கண்டம் பெச்ச கோட்டு", மலையாளத்தின் முதல் வண்ணப்படம்.

இதையெல்லாம் பார்த்தால் சூதாட்டம் போலத் தெரியும். உண்மையில் அவர் ஸ்டுடியோவை நடத்தியது மில் நடத்துவது போல. கண்டிப்புக்குப் பெயர் போனவர். எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் நேரத்துக்கு வர வேண்டும். மாதச் சம்பளத்துக்குக் கலைஞர்கள் இருந்தார்கள். இயக்குநர் எல்லிஸ் ஆர்.டங்கன் "மந்திரி குமாரி" (1950) முடியும் முன்பே அமெரிக்கா திரும்பியபோது, மீதியைச் சுந்தரமே இயக்கி முடித்தார். வேலை நிற்கவில்லை. முதலாளிக்கே எல்லா வேலையும் தெரிந்திருந்தால்தானே இது முடியும்?

அந்த "மந்திரி குமாரி"க்கு வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையை ஒட்டியது. நாயகன் எம்.ஜி.ஆர். பின்னாளில் முதலமைச்சர்களான இருவர் சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்திருக்கிறார்கள்! கவிஞர் கண்ணதாசனும் இங்கே பணியாற்றியவர்தான்.

1963-ல் சுந்தரம் காலமானார். அவர் மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் உட்படப் பலவற்றை எடுத்தார். ஆனால் தமிழ் சினிமா முழுவதும் சென்னையில் குவிந்துவிட்டது. நடிகர்களின் கால்ஷீட்டும் அங்கேதான். சேலம் வரை அவர்களை வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. கல்கத்தா பயணத்தைத் தவிர்க்க எந்தக் கணக்கு போட்டாரோ, அதே கணக்கு இப்போது சேலத்துக்கு எதிராகத் திரும்பியது. 1982-க்குப் பிறகு படத் தயாரிப்பு நின்றது. தளங்கள் இடிந்து வீடுகளாயின.

மிஞ்சியது அந்த வளைவு மட்டும். தலைநகரில்தான் எல்லாம் நடக்கும் என்று ஒதுங்காமல், சொந்த ஊரிலேயே ஒரு தொழிலை வேரூன்ற வைத்து, அது ஏறக்குறைய 45 ஆண்டுகள் நிலைக்கக் காரணமாக இருந்தவர் சுந்தரம். அடுத்த முறை ஏற்காடு போகும்போது, அங்கே ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.